கொடுப்பவர் பெயர் எங்கே இருக்க வேண்டும்?

இல்லறத்தார் நாள்தோறும் இயற்ற வேண்டிய கடமைகள் ஆறு என நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். தேவபூஜை, குருவழிபாடு, சாத்திரம் ஓதுதல், புலனடக்கம், தவம், தானம் என்பன அவை. முதல் ஐந்தில் நாம் தவறினால் அத்தவற்றின் பயன் பெரும்பாலும் நம்மோடு நின்றுவிடும். ஆறாவதாகிய தானத்தில் தவறினாலோ, எதிரே கைநீட்டி நிற்கும் இன்னோர் உயிரும் அதன் சுமையைத் தாங்க நேர்கிறது. ஆகவே தானத்தைப் பற்றிச் சிந்திக்கையில் கொடுப்பவரின் உள்ளத்தை மட்டும் ஆராய்வது போதாது. பெறுபவரின் உள்ளம் என்ன பாடுபடுகிறது என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து ஊர்களிலிருந்து உத்தியோகத்தின் பொருட்டும் பிள்ளைகளின் கல்வியின் பொருட்டும் புறப்பட்டு வந்த நம் குடும்பங்கள் பல, தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளில் வேரூன்றிவிட்டன. ஊரில் இருந்தவரை நம் அறச்செயல்கள் ஜினாலயத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. இங்கு வந்த பின்னர், நம்மவர் சிலர் ரோட்டரி, லயன்ஸ் முதலிய சேவைச் சங்கங்களிலும் சேர்ந்து பணியாற்றி வருகின்றனர்.

இவர்களைக் குறித்து நம்மிடையே இரு குரல்கள் எழுவதைக் கேட்கிறோம். 'மாலையும் மேடையும் புகைப்படமும் இரவு விருந்துமாக நடப்பது எப்படித் தானமாகும்? அது புகழ் வணிகம்' என்பது ஒரு குரல். 'கோயிலில் கலசாபிஷேகத்துக்குப் போட்டியிட்டு ஏலம் கேட்கும் நாம், தெருக்கோடியில் பசித்திருப்பவனை என்றாவது நினைத்தோமா? அந்தச் சங்கத்தார் நினைக்கிறார்களே' என்பது மற்றொரு குரல். இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டிலும் சிறிது சினமும் உண்டு. சினத்தை நீக்கி உண்மையை மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்ப்பதே நம் நோக்கம்.

நட்பில் பிறந்த தொண்டு

1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞரும் அவர் நண்பர் மூவரும் கூடிய கூட்டமே ரோட்டரியின் தொடக்கம். ஒருவர் அலுவலகத்தில் ஒரு முறை, அடுத்தவர் அலுவலகத்தில் மறுமுறை எனச் சுழன்று சுழன்று கூடியதால் அப்பெயர் ஏற்பட்டது. பால் ஹாரிஸ் வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பாட்டனார் வீட்டில் வளர்ந்தவர். பெருநகரில் அயலார் முகம் அறியாமல் வாழ்ந்த அவர், தம் ஊரில் கண்ட நட்புறவை நகரிலும் காண விரும்பினார். தொடக்கத்தில் அவர்கள் நாடியது நட்பும், ஒருவர் தொழிலுக்கு மற்றவர் துணைநிற்பதுமே. பொதுத்தொண்டு பின்னர்தான் வந்தது. 1907இல் நகரில் பொதுக் கழிப்பிடம் அமைக்க முன்னின்றதே அவர்களின் முதற்பெரும் பொதுப்பணி. சென்னையில் ரோட்டரி சங்கம் 1929இல் அமைந்தது.

லயன்ஸ் இயக்கம், காப்பீட்டுத் தொழில் செய்துவந்த மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் 1917இல் அதே சிக்காகோவில் உருவானது. 1925இல் அவர்தம் மாநாட்டில் பேசிய ஹெலன் கெல்லர் அம்மையார், பார்வையற்றோர்க்குத் துணைநிற்குமாறு வேண்டினார். அன்று தொட்டுக் கண்ணொளிப் பணி அவர்களின் தலையாய பணியாயிற்று. இந்தியாவுக்கு அவ்வியக்கம் 1956இல் வந்தது.

இவ்வரலாற்றை ஈண்டு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. சிற்றூரை விட்டு வந்து நகரில் உறவு தேடிய அந்த வழக்கறிஞரின் நிலையும், திண்டிவனத்தில் இரயிலேறித் தாம்பரத்தில் இறங்கிய நம் தந்தையரின் நிலையும் ஒன்றே. அவர்களும் முதலில் தேடியது நம்மவர் வீடு எங்கே என்பதைத்தான். நட்பு முந்தியது, தொண்டு அதன் வழியே வந்தது. ஆகவே கூடி உண்பதும் உரையாடுவதும் தொண்டுக்குப் பகை என்று எடுத்த எடுப்பில் தள்ளிவிடுதல் முறையன்று.

யாருக்குக் கொடுப்பது?

பெரியோர் சிலர் வேறொரு தடை எழுப்புவர். 'தானம் என்பது நற்பாத்திரத்துக்கு அளிப்பது. முனிவர், ஆர்யிகையர், விரதியர் ஆகியோர்க்கு அளிப்பதே பயன் தரும். யாரென்று அறியாத கூட்டத்துக்கு அள்ளி வழங்குவது நம் மரபன்று' என்பர். பாத்திரத்தின் உயர்வுக்கு ஏற்பத் தானத்தின் பயன் உயரும் என்பது மெய்யே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில், இன்பம் தரும் வினை உயிரில் வந்து சேர்வதற்குரிய காரணங்களைக் கூறுமிடத்து, எல்லா உயிர்களிடத்தும் கொள்ளும் இரக்கத்தை முதலிலும், விரதியரிடத்துக் கொள்ளும் இரக்கத்தை அதன் பின்னும், தானத்தை அதற்கும் பின்னும் வைத்தார். வரிசை நோக்கத்தக்கது. கருணையால் கொடுப்பதற்கு எதிரே நிற்பவரின் குலமும் சமயமும் தகுதியும் தடையாகா என்பது இதனால் பெறப்படும்.

சமந்தபத்திர ஆசாரியர், தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார்க்குரிய தான விரதத்துக்கு 'வையாவிருத்தியம்' என்றே பெயரிட்டார். பணிவிடை, தொண்டு என்பது அதன் பொருள். நால்வகைத் தானத்துக்கும் எடுத்துக்காட்டாக நால்வரை அவர் குறிக்கிறார். அந்நால்வருள் ஒருவர் மனிதரே அல்லர்; ஒரு காட்டுப்பன்றி. குகையில் தங்கியிருந்த முனிவரைத் தாக்க வந்த புலியை எதிர்த்துப் போரிட்டு உயிர்நீத்தது அது. அப்பன்றிக்கு யார் மாலை சூட்டினர்? அதன் செயலை யார் படம்பிடித்தனர்? உயிரைக் கொடுத்த அந்த விலங்குக்குத் தான் கொடுக்கிறோம் என்னும் நினைவுகூட இருந்திருக்குமா என்பது ஐயமே. அதனையே ஆசாரியர் தானத்துக்கு அளவுகோலாக வைத்தார்.

மேடைக்கு வந்த சிறுவன்

சில ஆண்டுகளுக்கு முன், நம் புறநகர்ப் பகுதியில் இயங்கிய சேவைக் குழு ஒன்றில் நாமும் ஒருவராய்ப் பணியாற்றினோம். பள்ளி திறக்கும் பருவத்தில் ஏழை மாணவர்க்கு நோட்டுப் புத்தகங்களும் பைகளும் வழங்க முடிவு செய்து நிதி திரட்டினோம். வழங்குவதற்கு ஒரு விழா எடுத்தோம். மேடையில் சிறப்பு விருந்தினர், பின்னால் பெரிய பதாகை, ஒவ்வொரு மாணவரும் பெயர் அழைக்கப்பட்டு மேடையேறிப் பையைப் பெற்றுப் படத்துக்கு முகம் காட்டிய பின் இறங்குதல் என முறைப்படியே நடந்தது. பைகளின்மீது குழுவின் பெயரும், பெருந்தொகை அளித்தோர் பெயரும் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன.

அவ்வாறு மேடையேறியவர்களுள் நம் சமூகத்துக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த சிறுவனும் ஒருவன். தந்தையை இழந்தவன். தாயார் சிறு வேலை பார்த்து அவனைப் படிக்க வைத்துவந்தார். சில வாரங்கள் கழித்து அவன் பள்ளிக்குச் செல்வதை நாம் தற்செயலாகக் கண்டோம். தோளில் நாம் கொடுத்த பைதான் தொங்கியது. ஆனால் அதன் உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பப்பட்டிருந்தது. தையல் முடிச்சுகளும் நூல் பிசிறுகளும் வெளியே. அச்சிட்ட பெயர்கள் எல்லாம் உள்ளே.

அடுத்த ஆண்டு பட்டியலில் அவன் பெயரை நாமே எழுதினோம். விழாவுக்கு அவன் வரவில்லை. தாயாரிடம் விசாரித்தபோது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மாமா, கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. நல்ல நோட்டுதான், நல்ல பைதான். பையன்தான் இனி மேடைக்கு வரமாட்டேன் என்கிறான். கூடப் படிக்கிற பிள்ளைகள் படத்தைப் பார்த்துவிட்டார்களாம்." அவ்வாண்டு அந்த அம்மையார் கடன் வாங்கிப் புத்தகம் வாங்கினார் என்பதைப் பின்னர் அறிந்தோம்.

நாம் கொடுத்தது என்ன, அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன என்று அன்றிரவு கணக்குப் பார்த்தோம். கணக்கு நேராகவில்லை.

ஆசாரியர் சொன்ன பிழைகள்

இச்செய்தியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நம் நூல்களை மீண்டும் புரட்டியபோது, அவை இதனை முன்னரே கண்டு எச்சரித்திருப்பதை உணர்ந்தோம். பன்னிரு விரதங்களுள் இறுதியாகிய அதிதி சம்விபாக விரதத்துக்குத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. அவற்றுள் முதல் இரண்டும் உயிருள்ள பொருள்களின்மேல் உணவை வைத்தல், அவற்றால் உணவை மூடுதல் என உணவின் தூய்மையைப் பற்றியவை. எஞ்சிய மூன்றும் கொடுப்பவரைப் பற்றியவை. பிறர் கொடுக்க வேண்டியதைத் தாம் கொடுப்பதாகக் காட்டுதல் ஒன்று. மாற்சரியம் ஒன்று. காலம் தவறிக் கொடுத்தல் ஒன்று. மாற்சரியம் என்பதற்குப் பூஜ்யபாதர் இருவகைப் பொருள் உரைத்தார்: கொடுக்கும்போதே மதிப்பின்றிக் கொடுத்தல்; மற்றொரு கொடையாளியின் சிறப்பைப் பொறாதிருத்தல். சமந்தபத்திரர் தம் பட்டியலில் அநாதரம், அதாவது மதிப்பின்மை என்பதைத் தனிப் பிழையாகவே எண்ணினார்.

இவை முனிவர்க்கு ஆகாரம் அளிப்பதைக் குறித்து எழுந்தவை என்பதை அறிவோம். ஆயினும் முனிவர்க்குக் கொடுக்கையில் பிழையாவது, ஏழைக்குக் கொடுக்கையில் மட்டும் எப்படிப் பிழையன்றாகும்? முனிவர் அவமதிப்பைப் பொறுத்துக்கொள்ளும் ஆற்றலுடையவர். பத்து வயதுச் சிறுவனுக்கு அவ்வாற்றல் இல்லை.

காலம் தவறுதலுக்கு நம் பகுதியிலேயே சான்று உண்டு. 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்தது. அந்நாட்களில் சங்கத்தாரும் ஆலயத்தாரும் எச்சங்கத்தையும் சாராத இளைஞர்களும் இரவு பகல் பாராது உழைத்ததை நாம் கண்டோம். அவர்களை என்றும் வணங்குவோம். அதே நாட்களில், தயாராக இருந்த உணவுப் பொட்டலங்கள் தொடங்கி வைப்பவர் வரும்வரை வண்டியிலேயே காத்திருந்ததையும் கண்டோம். பசித்தவர்க்கு அந்த நேரமும் பசிதான்.

பெயர் பிழையா?

அப்படியானால் கொடுப்பவர் பெயரையே அழித்துவிட வேண்டுமா? அவ்வாறு கூறுவது எளிது. ஆனால் நம் மரபு அவ்வாறு கூறவில்லை. மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்தில், கணிநந்தாசிரியன் என்னும் துறவிக்கு அமைத்துக் கொடுத்த குகைத்தளங்களில் தமிழி எழுத்துப் பொறிப்புகள் உள்ளன. அவற்றைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டின என ஐராவதம் மகாதேவன் கணித்தார். பாண்டியன் நெடுஞ்செழியனின் அலுவலனாகிய கடலன் வழுதியின் பெயர் அங்கே உண்டு. வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தார், அதாவது வணிகர் குழுவினர் கொடுத்தது என்ற குறிப்பும் உண்டு. பலர் கூடிப் பொருள் திரட்டி அறம் செய்த குழு ஒன்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழகத்தில் இருந்தது என்பதற்கு அந்தச் சிறு வரி சான்று. சேவைச் சங்கம் என்பது நமக்குப் புதிதன்று. குழுவின் பெயரை மட்டும் கூறும் அவ்வரியில் தனி ஒருவர் பெயரும் இல்லை என்பதும் கருதத்தக்கது.

போளூரை அடுத்த திருமலையில் உள்ள முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, நன்னப்பையன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை, அங்குள்ள குந்தவை ஜினாலயத்தில் விளக்கெரிக்கவும் திருவமுது படைக்கவும் பொருள் அளித்ததைக் கூறுகிறது. அப்பெயர் ஏன் பொறிக்கப்பட்டது? அக்காலத்தில் கல்வெட்டு என்பது பத்திரம். யார் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார் என்பதைப் பின்வருவோர் அறிந்து, கொடுத்த பொருளை வேறு வழியில் செலவிடாதிருக்க அது காவல் நின்றது. அங்கே பெயர் விளக்குக்குக் காவல். நம் பையின்மீது அச்சிட்ட பெயரோ எதற்கும் காவலன்று. சிறுவன் தோளில் நம் முகத்தைப் பார்த்துக்கொள்ள நாம் மாட்டிய கண்ணாடி அது.

இவ்வேறுபாட்டைக் கொண்டு பார்த்தால் சிக்கல் சிறிது அவிழ்கிறது. பெயர் கொடைக்குத் துணைசெய்கிறதா, கொடை பெயருக்குத் துணைசெய்கிறதா என்பதே கேள்வி.

மேடையை நீக்கினோம், வசூல் குறைந்தது

அச்சிறுவனின் நிகழ்ச்சிக்குப் பின் குழுவில் வாதாடினோம். மேடையும் படமும் வேண்டா, பொருள்களைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்துவிடுவோம், யாருக்கு எவர் கொடுத்தது என்பது வகுப்பில் தெரிய வேண்டா என்று கூறினோம். அவ்வாறே முடிவாயிற்று. நடந்தது என்ன? அவ்வாண்டு வசூல் வெகுவாகக் குறைந்தது. முந்தைய ஆண்டு தாராளமாக அளித்தோர் சிலர் சாக்குச் சொல்லி ஒதுங்கினர். நோட்டுப் புத்தகம் பெறாத மாணவர் சிலர் அவ்வாண்டு இருந்தனர்.

இதனை மறைத்துவிட்டு அறம் பேசுவது நேர்மையாகாது. நண்பர் ஒருவர் நம்மைக் கேட்டார்: "உங்கள் மனச்சான்று தூய்மையாயிற்று. அந்தப் பிள்ளைகளுக்கு நோட்டு இல்லாமற் போயிற்று. எது பெரிது?" உடனே மறுமொழி கூற இயலவில்லை. புகழாசையால் ஒருவர் கொடுத்தாலும் அப்பொருளால் ஒரு பிள்ளை படிக்கிறதே. அந்த ஆசை அவருடைய வினை. படிப்போ பிள்ளையின் நன்மை. அவர் உள்ளத்தைத் திருத்துவதற்காகப் பிள்ளையைப் பட்டினி போட நமக்கு என்ன உரிமை?

நெடுநாள் சிந்தித்த பின் நமக்குத் தோன்றிய விடை அநுமோதனை என்னும் சொல்லில் இருந்தது. ஒரு செயலைத் தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு மகிழ்ந்து உடன்படுதல் ஆகிய மூன்றாலும் வினை வந்து சேரும் என்பது நம் கொள்கை. தீவினைக்கு மட்டுமன்றி நல்வினைக்கும் இது பொருந்தும். ஒருவர் கொடுத்ததைக் கண்டு மற்றொருவர் மகிழ்வாராயின், மகிழ்ந்தவர்க்கும் அறத்தில் பங்குண்டு. ஆகவே கொடுத்தவர் பெயரை எடுத்துரைப்பது தவறன்று. யார் முன் எடுத்துரைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கொடுப்போர் கூடிய அவையில் அப்பெயர் அநுமோதனையை எழுப்பும்; 'நாமும் கொடுப்போம்' என்னும் எண்ணத்தைப் பிறர்க்கு ஊட்டும்; கணக்குக்குக் காவலும் நிற்கும். பெறுபவர் முன் அதே பெயர் கடன் பத்திரம் போல நீட்டப்படுகிறது.

சேவைச் சங்கங்களின் நட்புக் கூட்டத்துக்கு நாம் காணும் சிறந்த பொருள் இதுவே. ஒருவர் செய்ததை மற்றவர் மகிழ்ந்து ஏற்கும் அநுமோதனை அவையாக அது விளங்குமாயின், அது தொண்டின் ஓர் உறுப்பு. யார் அதிகம் கொடுத்தார், யாருக்கு எந்த நாற்காலி என்று அளக்கும் அவையாக மாறுமாயின், அதற்கு மாற்சரியம் என்று பெயர். ரோட்டரியில் 1000 டாலர் அளிப்போரை, அல்லது எவர் பெயரால் அத்தொகை அளிக்கப்படுகிறதோ அவரை, 1957 முதல் பால் ஹாரிஸ் பெயரால் சிறப்பிக்கின்றனர். லயன்ஸ் இயக்கத்திலும் மெல்வின் ஜோன்ஸ் பெயரால் அத்தகைய சிறப்பு உண்டு. அந்தப் பதக்கத்தை அணிவதில் குற்றமில்லை. புண்ணியமும் பொன்விலங்கே என்று குந்தகுந்த ஆசாரியர் சமயசாரத்தில் உணர்த்தியதை அணிந்திருப்பவர் மறவாதிருந்தால் போதும்.

மூன்றாம் ஆண்டு, நம் குழுவின் ஆண்டுக் கூட்டத்தில் கொடுத்தவர் பெயர், தொகை, செலவு மூன்றையும் ஒருசேர வாசித்தோம். பள்ளியில் மேடை இல்லை. பையில் பெயர் இல்லை. ஒதுங்கியவர்களுள் சிலர் திரும்பினர், சிலர் திரும்பவில்லை. அச்சிறுவன் மற்ற மாணவரோடு மாணவனாக வகுப்பறையிலேயே பெற்றுக்கொண்டான் என்று ஆசிரியர் கூறக் கேட்டோம்.

திரட்டும் வழியும் தூயதாக

கொடுக்கும் பொருள் எவ்வழியில் வந்தது என்பதும் எண்ணத்தக்கது. தம்போலா போன்ற பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நடத்தி நிதி திரட்டும் வழக்கம் கேளிக்கைக் கூட்டங்களில் உண்டு. ஏழு வியசனங்களுள் சூதே முதலாவது. விளையாட்டுக்காகத்தானே என்று நாம் சமாதானம் கூறிக்கொண்டாலும், அருகில் அமர்ந்து பார்க்கும் நம் பிள்ளைகள் கற்பது அறத்தையன்று. இதில் நம்மவர் பணிவோடு விலகி நின்று, தம் பங்கை நேரடியாகக் கொடுத்துவிடலாம்.

விருந்து பற்றியும் ஒரு சொல். லயன்ஸ் சங்கங்களின் விதிப்படி பொதுமக்களிடம் திரட்டிய நிதி ஒரு கணக்கிலும், சங்கத்தின் நிர்வாகச் செலவு மற்றொரு கணக்கிலும் இருத்தல் வேண்டும். பொதுமக்கள் கொடுத்தது பொதுமக்களுக்கே சென்று சேர வேண்டும். இவ்விதியை நம் கோயில் குழுக்களும் சமூகச் சங்கங்களும் எழுதி வைத்துப் பின்பற்றினால் நன்று. உண்பவர் செலவை உண்பவரே ஏற்பது அறம். பிறர் கொடுத்த அறப்பணத்தில் உண்டு, அப்பணத்துக்கே நன்றி பெறுவது முன்னர்க் கூறிய முதற்பிழையைச் சாரும். இரவில் உண்ணாத நியமமுடையோர் மாலையிலேயே உண்டுவிட்டுக் கூட்டத்துக்குச் செல்வதை எவரும் தடுப்பதில்லை. நாமறிந்த நம்மவர் சிலர் பல்லாண்டுகளாக அவ்வாறே செய்து வருகின்றனர். நியமத்தைக் கண்டு நகைத்தவர்களே பின்னர் அவர்பொருட்டுக் கூட்ட நேரத்தை மாற்றியமைத்ததும் உண்டு.

அறியாமலே பெறும் தானம்

இறுதியாக, இச்சங்கங்களிடம் நாம் கற்க வேண்டிய ஒன்றைக் கூறுவோம். ரோட்டரி இயக்கம் இளம்பிள்ளைவாதத்தை உலகினின்று ஒழிக்கும் பணியை 1985இல் மேற்கொண்டது. நம் நாட்டில் 1995 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் இரயில் நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும் சத்துணவுக் கூடங்களிலும் அமைந்த சொட்டு மருந்து முகாம்களை எண்ணிப் பாருங்கள். ஆண்டில் சில ஞாயிறுகளே ஆயினும், அந்நாட்களில் அரசு ஊழியரோடு தன்னார்வலரும் தெருத்தெருவாகச் சென்றனர். 2011 ஜனவரி 13ஆம் நாளுக்குப் பின் இந்தியாவில் இயற்கையான நோய்க்கிருமியால் அந்நோய் எவரையும் தாக்கியதாகப் பதிவில்லை. 2014 மார்ச் 27ஆம் நாள் நம் நாடு உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய மண்டலம் அந்நோயற்றதெனச் சான்று பெற்றது. இன்று நேராக நடந்து செல்லும் இளைஞன், தனக்கு நேராதுபோன ஊனத்தை அறியமாட்டான். அதனைத் தடுத்தவர் பெயரையும் அறியமாட்டான். நன்றி கூற ஒருவருமில்லை, வெட்கப்படவும் ஒருவருமில்லை. அபயதானத்துக்கு இதனினும் சிறந்த விளக்கம் காண்பது அரிது.

நம் தாம்பரத்திலேயே இன்னொரு பாடம் உண்டு. 1928இல் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளர்க்காகத் தொடங்கிய மருத்துவ நிலையமே இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. சானடோரியம் என்று அங்குள்ள இரயில் நிலையத்துக்கே பெயர் அமைந்தது. எச்.ஐ.வி. தொற்றுடையோர் பலர் ஒதுக்கப்பட்ட காலத்தில் அவர்களை ஏற்றுச் சிகிச்சை அளித்த இடம் அது. அத்தகைய நோயாளரின் நிலையை அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகிறது. அவர்க்கு உணவோ பழமோ மருந்துச் செலவோ அளிக்க விரும்புவோர் படமின்றி, மேடையின்றி, பெயர் கேளாமல்தான் அளிக்க முடியும். நோயாளிக்குச் சட்டம் தரும் இக்காவலை, ஏழைப் பிள்ளைக்கு நம் அறவுணர்வு தந்தால் போதுமே. இரத்ததானமும் இவ்வகையினதே. கொடுத்தவர் எவர் உடலில் ஓடுகிறார் என்பதைக் கொடுத்தவரும் அறியார், பெற்றவரும் அறியார்.

ஆகவே தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழும் நம் குடும்பத்தாரிடம் நாம் வேண்டுவது இது. சேவைச் சங்கத்தில் சேர்ந்தவரை இகழாதீர், சேராதவரையும் இகழாதீர். எங்கிருந்து கொடுத்தாலும் உரிய காலத்தில், உண்பவர் செலவைக் கலக்காமல், மதிப்போடு கொடுங்கள். கொடுத்தவர் பெயரை அவையில் மகிழ்ந்து கூறுங்கள். பெறுபவரின் தோளில் அதனை ஏற்றாதீர்கள். நம் ஆலய விழாக்களிலும் உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சிகளிலும் இதனை முதலில் நடைமுறைப்படுத்துவோம். கலசம் ஏற்கும் பேற்றினை ஏலத்தில் பெற்றவரைப் பாராட்டும் அதே நாளில், நம் ஏழை மாணவர்க்குரிய உறையை அவர் வீட்டுக்கே சென்று அவர் தாயார் கையில் சேர்ப்பிப்போம்.

அச்சிறுவன் இப்பொழுது வளர்ந்து வேலையில் அமர்ந்துவிட்டான். நம் குழுவுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை அனுப்புகிறான். தன் பெயரைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறான். அதற்கும் நாம் உடன்பட்டிருக்கிறோம்.

அறம் வளர்க! அருளுடைமை ஓங்குக!